சாராயம் என்னும் சொல்லும் வேதியியற் பெயர்களின் பகுபத இலக்கணமும்

சொல் பொருளை உணர்த்துங் கருவி என்பது இலக்கண நூலார் யாவர்க்கும் உடன்பாடாம். கருவி மழுங்கியவிடத்து வினை கெடும். அதுபோலவே, ஒரு சொல் தன் பொருளை வரையறுத்துக் காட்டாதவிடத்து அதனை வழங்குவோர் வாழ்வும் கெடுதல் உண்டு. அத்தகைய சொல் ஒன்றனை ஆராய முற்படுகின்றது இக்கட்டுரை. சாராயம் என்பதே அச்சொல்.

2024ஆம் ஆண்டு சூன் திங்களில் கள்ளக்குறிச்சி நகரின் கருணாபுரம் பகுதியிலும் அதனைச் சூழ்ந்த இடங்களிலும் சாராயம் என்று எண்ணி ஒரு நீர்மத்தைப் பருகியவருள் அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதற்கு முந்திய ஆண்டு மே திங்களில் மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்திலும், செங்கற்பட்டு மாவட்டத்திலும் இருபதுக்கும் மேற்பட்டோர் அவ்வாறே இறந்தனர். ஈரிடத்தும் அவர் பருகியது மெத்தனால் கலந்த நீர்மம் ஆகும். கள்ளக்குறிச்சி எம் குரும்பலூருக்குச் சில மணி நேரப் பயணத்தொலைவில் உள்ள ஊர். அந்நாளை அடுத்து, முதுகலை வகுப்பில் சங்க நூல்களில் வரும் மதுவின் பெயர்களை யாம் விளக்கிக்கொண்டிருந்தபோது மாணவர் ஒருவர் எழுந்து, "ஐயா, நறவும் தேறலும் உண்ட அக்காலத்தார் அதனால் மாண்டதாகப் பாட்டில்லையே, இவர் மட்டும் மாண்டது எதனால்? இரண்டும் சாராயந்தானே?" என வினவினார். அவ்வினாவிற்கு விடை கூற இலக்கிய அறிவு மட்டும் போதாதாயிற்று. வேதியியல் நூல்களையும் நாட வேண்டியிருந்தது. நாடியவழி, அந்நூல்கள் பொருள்களுக்குப் பெயரிடும் முறை நம் பதவியலோடு வியத்தகு ஒப்புமையுடையது என்பது புலனாயிற்று. அவ்வொப்புமையே மாணவர் வினாவிற்கு விடையும் ஆயிற்று.

பலபொருள் ஒருசொல்

ஒரு சொல் பல பொருளை உணர்த்துதலும், பல சொல் ஒரு பொருளை உணர்த்துதலும் மொழியின் இயல்பு. பலபொருள் ஒருசொல் வருங்கால், அது கொண்டு முடியும் வினையாலும், உடன்வரும் இனத்தாலும், சார்பாலும் பொருளைத் தெளியலாம் என்பது தொல்காப்பியர் கருத்து. மா பூத்தது எனின் மரமும், மா ஓடிற்று எனின் விலங்கும் ஐயமின்றி விளங்கும்.

இம்மூன்று வழியும் சாராயம் என்னும் சொல்லிடத்துப் பயன்படாமை ஈண்டுக் கருதத்தக்கது. இச்சொல் இன்று இரு வேறு பொருள்களைக் குறிக்கின்றது. ஒன்று, சருக்கரைப் பொருள்கள் நொதித்து உண்டாகும் எத்தனால். மற்றொன்று, தொழிற்சாலைகளிற் கரைப்பானாகவும் மூலப்பொருளாகவும் பயன்படும் மெத்தனால். இரண்டும் நிறமற்றவை, நீருடன் எவ்வளவு சேர்ப்பினும் கலப்பவை, எரியத்தக்கவை, மணத்தாலும் பெரிதும் ஒத்தவை. சாராயம் குடித்தான் என்னுமிடத்து வினையும் ஒன்றே, இனமும் ஒன்றே, சார்பும் ஒன்றே. கேட்பவன் தெளிதற்கும் வழியில்லை. குடிப்பவன் தெளிதற்கும் வழியில்லை.

அடைமொழிகளும் இக்குறையை நீக்கவில்லை. கள்ளச்சாராயம் என்பதில் உள்ள அடை, பொருள் சட்டத்திற்குப் புறம்பானது என்பதையே உணர்த்தும். அது இன்ன பொருள் என உணர்த்தாது. நச்சுச்சாராயம் என்பது பருகியவர் இறந்தபின் வழங்கும் பெயர். எரிசாராயம் என்பதோ எரியும் பண்பு பற்றியது. அப்பண்பு இரண்டற்கும் பொது. மரச்சாராயம் என்னும் பெயர் மட்டுமே மெத்தனாலைத் தனித்துச் சுட்டுவது. மரத்தைக் காற்றின்றி வெப்பமூட்டி வடித்து அதனைப் பெற்றமையால் அப்பெயர் வந்தது. இராபர்ட் பாயில் 1661ஆம் ஆண்டில் மரத்தை வடித்து இதனைத் தனியே பிரித்தார். ஆனால், 1923 முதல் செருமனி நாட்டில் கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரஜன் என்னும் வளிகளிலிருந்து பெருமளவிற் செய்யும் முறை வந்தபின், மரத்திற்கும் இதற்கும் உள்ள தொடர்பு ஏறத்தாழ அற்றது. காரணம் நீங்கிய காரணப்பெயராய் அது நிற்கின்றது.

வேதியியற் பெயரும் பகுபதமும்

வேதியியலாரும் ஒரு காலத்தில் இத்தகைய பெயர்களையே வழங்கினர். எறும்பை வடித்துப் பெற்ற அமிலத்திற்கு எறும்பின் இலத்தீன் பெயரால் ஃபார்மிக் அமிலம் என்றும், காடியிலிருந்து பெற்றதற்குக் காடியின் பெயரால் அசெட்டிக் அமிலம் என்றும் பெயரிட்டனர். ஆல்கஹால் என்பதும் அரபு மொழியில் முதலிற் கண்ணுக்கு இடும் அஞ்சனப் பொடியைக் குறித்த சொல். அது பின்னர் நுண்ணிதாகப் பிரித்தெடுத்த சாரத்திற்கும், அதன்பின் வடித்த மதுவிற்கும் ஆகி வந்தது. கண்டறிந்த பொருள்கள் பல்கியபோது இம்முறை பயன்படாதாயிற்று. 1892ஆம் ஆண்டு செனீவா நகரிற் கூடிய வேதியியல் அறிஞர் பேரவை, பெயரைக் கேட்டமாத்திரத்தே பொருளின் அமைப்பு விளங்கும்படி ஒரு முறையை வகுத்தது. இன்று உலகெங்கும் வழங்கும் முறை அதனின்று வளர்ந்ததே.

பவணந்தியார் பகுபத உறுப்புகளைப் பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை, சந்தி, விகாரம் என ஆறாகப் பகுத்தார். இவற்றுள் முதன்மையான மூன்றும் புதிய வேதியியற் பெயர்களில் அமைந்திருத்தலைக் காணலாம். மெத்தனால் என்பதில் மெத் என்பது பகுதி. அது கார்பன் அணு ஒன்றே உளது என்பதை உணர்த்தும். எத் என்பது இரண்டையும், புரப் என்பது மூன்றையும், பியூட் என்பது நான்கையும் குறிக்கும். ஐந்து முதலாக வருவன பெரும்பாலும் கிரேக்க எண்ணுப்பெயரின் வழிப்பட்டவை. அன் என்பது இடைநிலை. கார்பன் அணுக்களுக்கிடையே ஒற்றைப் பிணைப்பே உளது என்பதை அது காட்டும். ஆல் என்பது விகுதி. வினைமுற்றில் விகுதி திணை, பால், எண், இடம் உணர்த்துமாறு போல, இவ்விகுதி பொருளின் குடும்பத்தை உணர்த்தும். நடந்தான், நடந்தாள் என்பவற்றின் பகுதி ஒன்றாயினும் விகுதியாற் பால் வேறாதல் போல, பகுதி ஒன்றாய் விகுதி வேறாயின் பொருளின் இயல்பே வேறாம்.

விகுதியும் குடும்பமும்

இவ்விகுதிகளுள் மூன்று நம் ஆய்விற்கு இன்றியமையாதவை. கார்பன் அணுவோடு ஆக்சிஜன் அணு ஒன்றும், அவ்வாக்சிஜனோடு ஹைட்ரஜன் அணு ஒன்றும் இணைந்து நிற்பின் அப்பொருள் ஆல்கஹால் எனப்படும். அதற்கு விகுதி ஆல். ஆக்சிஜன் அணு கார்பனோடு இரட்டைப் பிணைப்பால் இணைந்து, அக்கார்பன் தொடரின் இறுதியில் நிற்பின் அப்பொருள் ஆல்டிஹைடு. அதற்கு விகுதி அல். அவ்விரட்டைப் பிணைப்பு தொடரின் இடையே, இருபுறமும் கார்பன் அமைய நிற்பின் அது கீட்டோன். அதற்கு விகுதி ஓன்.

இம்மூன்றும் ஒன்றற்கொன்று அயலானவை அல்ல. ஆல்கஹாலிலிருந்து ஹைட்ரஜன் அணு இரண்டனை நீக்கினால் ஆல்டிஹைடோ கீட்டோனோ கிடைக்கும். ஆல்டிஹைடு என்னும் பெயரே இதனைக் கூறும். ஹைட்ரஜன் நீக்கிய ஆல்கஹால் எனப் பொருள்படும் இலத்தீன் தொடரைச் சுருக்கி 1835ஆம் ஆண்டில் லீபிக் என்னும் செருமானிய அறிஞர் அச்சொல்லைப் படைத்தார். நம் இலக்கணத்தார் மரூஉ என்பதற்கு ஒப்பது அது. கீட்டோன் என்னும் சொல் அசெட்டோன் என்பதன் செருமானிய வடிவம் முதற்குறைந்து வந்தது. மெலின் என்னும் அறிஞர் 1848இல் அதனை வழக்கிற்குக் கொணர்ந்தார்.

ஆல்கஹால் எதுவாக மாறும் என்பது அதன் ஆக்சிஜன் நிற்கும் இடத்தைப் பொறுத்தது. அது தொடரின் இறுதிக் கார்பனில் நின்றால் ஆல்டிஹைடு ஆகும். அவ்வால்டிஹைடு மேலும் ஆக்சிஜன் ஏற்று அமிலமாகும். இடைக் கார்பனில் நின்றால் கீட்டோன் ஆகும். கீட்டோன் எளிதில் அமிலமாகாது, அந்நிலையிலேயே நிற்கும். புரப்பன்-2-ஆல் என்பது ஹைட்ரஜன் இழந்து புரப்பனோன் ஆவது இதற்குச் சான்று. நகப்பூச்சை நீக்க உதவும் அசெட்டோன் என்பது இப்புரப்பனோனே. மூன்று கார்பன்களோடு பிணைந்த கார்பனில் ஆக்சிஜன் நின்றாலோ, நீக்குதற்குரிய ஹைட்ரஜன் அக்கார்பனில் இன்மையின், அம்மாற்றம் நிகழாது. அமைப்பை அறிவிக்கும் பெயர், பொருளின் எதிர்காலத்தையும் உய்த்துணர வைக்கின்றது என்க.

கள்ளும் காடியும்

இனி, எத்தனாலின் வரலாற்றை நோக்குவோம். கள், நறவு, தேறல், தோப்பி, மட்டு, பிழி, அரியல் எனப் பழந்தமிழ் வழங்கிய பெயர்கள் பல. பனையும் தெங்கும் தரும் இன்சாறும், நெல்லும், தேனும் இவற்றின் மூலப்பொருள்கள். தமிழர் மூலமும் தெளிவும் சுவையும் நோக்கிப் பல பெயர் இட்டனரேனும், இவை யாவற்றினும் களிப்பூட்டும் பொருள் எத்தனால் ஒன்றே.

அது உண்டாகும் முறையில் ஒரு நுட்பம் உளது. நொதிச்செல்கள் சருக்கரையைச் சிதைத்து, முதலிற் பைருவேட் என்னும் பொருளையும், அதனின்று கரியமில வளியை வெளியேற்றி எத்தனல் என்னும் ஆல்டிஹைடையும் ஆக்குகின்றன. அவ்வெத்தனலோடு ஹைட்ரஜனைச் சேர்க்கவே எத்தனால் பிறக்கின்றது. கலயத்தில் நுரைத்தெழுவது அக்கரியமில வளியே. ஆகவே, கள்ளில் ஆல்டிஹைடு முன்னும் ஆல்கஹால் பின்னும் தோன்றுகின்றன. பதநீர்க் கலயத்திற் சுண்ணாம்பு தடவும் பனைத்தொழிலாளர் செயல், சாற்றைக் காரத்தன்மையுடையதாக்கி நொதிச்செல்களின் வேலையைத் தடுப்பதாம். தடவாத கலயத்துக் கள்ளை நெடுநாள் காற்றுப்பட வைத்தால் நுண்ணுயிர்கள் எத்தனாலை மீண்டும் எத்தனலாகவும், பின்னர் அசெட்டிக் அமிலமாகவும் மாற்றும். கள் புளித்துக் காடியாதல் என்பது அதுவே. இனிப்பு, களிப்பு, புளிப்பு என நாவறிந்த மூன்று நிலைகளும் சருக்கரை, ஆல்கஹால், அமிலம் என்பனவாம்.

எம் பகுதியிலும் இதன் தொழில்வடிவின் முதற்படி உண்டு. பெரம்பலூர் மாவட்டத்து எறையூரில் அமைந்த சருக்கரை ஆலையில் கரும்புச்சாற்றினின்று சருக்கரையைப் பிரித்தபின் எஞ்சுவது கழிவுப்பாகு. இத்தகைய பாகை நொதிக்கவைத்து வடித்தலே இந்திய நாட்டில் நெடுங்காலம் எத்தனால் செய்யும் பெருவழக்காய் இருந்தது. சித்த மருத்துவர் வாலை என்று கூறும் வடிகலத்தின் தத்துவமும் ஆலையின் உயர்ந்த வடிகோபுரத்தின் தத்துவமும் ஒன்றே: எத்தனால் ஏறத்தாழ 78 பாகையிற் கொதிக்கும், நீர் 100 பாகையிற் கொதிக்கும். எனவே, முன்னர் எழும் ஆவியில் எத்தனால் மிகும். மெத்தனால் 65 பாகை அளவிற் கொதிப்பது. இயல்பான நொதித்தலில் அது தோன்றும் அளவு மிகச் சிறிது. கள்ளக்குறிச்சியிற் போலக் கொத்துக் கொத்தாக உயிர் பறித்தது, தொழிற்பயனுக்கென ஆக்கிய மெத்தனாலை மதுவென்று விற்றமையால் ஆகும். சங்ககாலத்தார் நறவுண்டு இவ்வாறு மாளாமைக்குக் காரணமும் இதனால் விளங்கும்.

உடலினுள் நிகழ்வது

எத்தனால் உடலினுட் புகுந்ததும் ஈரல் அதனைச் சிதைக்கத் தொடங்குகின்றது. ஆல்கஹாலினின்று ஹைட்ரஜனை நீக்கும் நொதி ஒன்று அதனை எத்தனலாக மாற்றும். பிறிதொரு நொதி எத்தனலை அசெட்டிக் அமிலமாக்கும். இவ்வமிலம் உடல் நாடோறும் கையாளும் பொருளாதலின் கரியமில வளியாகவும் நீராகவும் கழியும். இடையில் தோன்றும் எத்தனல் தீங்கற்றது அன்று. முகஞ்சிவத்தல், குமட்டல் முதலியவற்றிற்கும், நெடுநாட் குடியால் வரும் புற்றுநோய்க்கும் அதற்குப் பங்குண்டு. எனினும், அதன் வழி அமிலத்தோடு முடிந்து அகலும் வழியாகும்.

மெத்தனாலும் அதே நொதிகளின் கையிற் சிக்குகின்றது. நொதி பகுதியை நோக்காது விகுதியையே நோக்குகின்றது என்று கூறலாம். ஆல் என்னும் விகுதியுடைமையால் ஹைட்ரஜன் நீங்கி மெத்தனல் ஆகின்றது. பிணங்களைக் கெடாது வைக்க உதவும் ஃபார்மலின் என்னும் கரைசலில் உள்ள ஃபார்மால்டிஹைடு இம்மெத்தனலே. அது விரைவில் ஃபார்மிக் அமிலமாகின்றது. மக்கள் உடல் இவ்வமிலத்தை மெல்லவே அகற்ற வல்லது. எஞ்சிக் குவியும் அமிலம் குருதியின் அமிலத்தன்மையை மிகுவிக்கும். செல்கள் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் நொதியைத் தடுக்கும். ஆக்சிஜன் வேட்கை மிக்க கண்நரம்பு முதலிற் பழுதுறும். கண் இருண்டது, எங்கும் வெண்பனி போலத் தோன்றுகின்றது என நோயாளிகள் கூறுவது இதனால். சிறு குவளைக்கும் குறைந்த அளவே கண்ணையும் உயிரையும் பறிக்கப் போதும்.

இதனினும் கொடியது காலத்தாழ்வு. நஞ்சு மெத்தனால் அன்று. அதன் வழித்தோன்றும் அமிலம். அமிலம் குவிதற்கு நேரம் வேண்டுமாதலின், பருகியவர் பன்னிரண்டு மணி முதல் இருபத்துநான்கு மணி நேரம் வரை பெருந்துன்பமின்றி இருத்தல் கூடும். தனக்கு ஒன்றும் நேரவில்லை என்று அவர் வீட்டிலேயே தங்கிவிடும் அந்நேரமே மருத்துவத்தாற் காக்கத்தக்க நேரம். மருத்துவர் ஃபோமெப்பிசோல் என்னும் மருந்தால் அந்நொதியைத் தடுப்பர். அஃது இல்லாவிடத்து அளவறிந்து எத்தனாலைச் செலுத்துதலும் உண்டு. எத்தனாலை அந்நொதி மிகுதியாகப் பற்றுமாதலின் மெத்தனால் மாறாது நிற்கும். குருதித் தூய்மிப்பால் அதனை வெளியேற்றலாம். மருத்துவமனையில் குருதியை அளந்து செய்யும் இம்முறையை வீட்டிற் குடித்துச் செய்ய முயல்வது உயிருக்கு இறுதியாகும்.

கற்பூரம் என்னும் மற்றொரு சான்று

ஒரு பெயர் இரு வேதிப்பொருளைக் குறித்தல் சாராயத்திற்கு மட்டும் உரியதன்று. கற்பூரமும் அத்தகையதே. சுமத்திரா, போர்னியோ தீவுகளின் மரத்திலிருந்து பண்டை வணிகர் கொணர்ந்த கற்பூரத்தில் மிக்கிருப்பது போர்னியால் என்னும் ஆல்கஹால். சுமத்திராவில் பரூசை அடுத்த லோபு துவாவில் ஐந்நூற்றுவர் வணிகக் குழுவினர் 1088ஆம் ஆண்டிற் பொறித்த தமிழ்க் கல்வெட்டுக் கிடைத்தமையும், பரூசு கற்பூரத்திற்குப் பெயர்பெற்ற துறைமுகம் என்பதும் அறிஞர் அறிந்தவை. சீனத்திலும் சப்பானிலும் வேறொரு மரத்திலிருந்து பெறும் கற்பூரமோ ஒரு கீட்டோன். போர்னியாலிலிருந்து ஹைட்ரஜன் அணு இரண்டனை நீக்கின் இக்கீட்டோன் வரும். இரண்டையும் கற்பூரம் என்றமையால் பெருங்கேடு நேரவில்லை. ஒரு பெயரால் இரு பொருளைக் குறித்தல் எங்கும் கேடு பயப்பதன்று. உயிர்க்கு இறுதி பயக்கும் பொருளிடத்து மட்டும் அதனைத் தவிர்த்தல் வேண்டும்.

சந்தன எண்ணெயின் சான்டலால் ஆல்கஹால். இலவங்கப்பட்டையின் மணம் ஓர் ஆல்டிஹைடு. கத்தூரியின் மசுக்கோனும் புனுகின் சிவெட்டோனும் கீட்டோன்கள். இவ்விரண்டன் வளைய அமைப்பை ஆராய்ந்த உருசிக்கா 1939ஆம் ஆண்டுக்குரிய நோபல் பரிசைப் பெற்றார். நம் வெட்டிவேர் என்னும் சொல்லோ ஐரோப்பிய மொழிகளில் வெட்டிவர் என நின்று, அவ்வேரெண்ணெயிலுள்ள கீட்டோனுக்கு வெட்டிவோன் எனப் பெயர் தந்துள்ளது. அப்பெயரின் பகுதி தமிழ். விகுதி வேதியியல் மரபினது.

வரிவடிவு பற்றி

தமிழில் வேதியியல் நூல் எழுதும் முயற்சி புதிதன்று. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மருத்துவப் பணி செய்த கிறீன் என்பாரின் முயற்சியால் கெமிஸ்தம் என்னும் நூல் 1875இல் வெளிவந்தது. 1916இல் சேலத்தில் அமைந்த தமிழ் அறிவியற் சொற்களுக்கான சங்கமும், இராசகோபாலாச்சாரியாரின் திண்ணை இரசாயனமும், 1954 முதல் வெளிவந்த கலைக்களஞ்சியமும் இவ்வழியிற் சென்றவை. அம்முன்னோர் உழைப்பை வணங்கி, ஒரு குறையைச் சுட்ட விழைகின்றோம்.

ஆல்கஹாலின் விகுதி மூலமொழியில் ஓகாரச் சாயலுடையது. ஆல்டிஹைடின் விகுதி அகரச் சாயலுடையது. தமிழ்நாட்டு நூல்கள் முன்னதை ஆல் என எழுதுகின்றன. அதனால் எத்தனால், எத்தனல் என்னும் இரண்டற்கும் இடையே வேற்றுமை ஒரு காலெழுத்தே. அச்சிற் கால் ஒன்று விடுபட்டால் ஆல்கஹால் ஆல்டிஹைடு ஆகிவிடும். இலங்கைத் தமிழ் நூல்களோ அற்ககோல் என்றும் எதனோல் என்றும் எழுதுகின்றன. கீட்டோனுக்கு ஓன் என்னும் ஓகார விகுதியை நாமும் ஏற்றுள்ளோம். ஆதலின், ஓல், அல், ஓன் என மூன்று விகுதியையும் தெளிவாக வேறுபடுத்தி எழுதுதல் ஒலிக்கும் பொருளுக்கும் ஒத்ததாம். இவ்வொரு செய்தியில் ஈழத்து வழக்கினின்று நாம் கற்கத் தக்கது உண்டு.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், சாராயம் என்னும் பெயர் வேறுபட்ட இரு பொருள்களை மறைத்து நிற்பதும், வினை இனம் சார்பு என்னும் மூன்றும் அவற்றைப் பிரித்துக் காட்டாமையும், வேதியியற் பெயரோ பகுதியால் வேற்றுமையையும் விகுதியால் உறவையும் ஒருங்கே உணர்த்துவதும் பெறப்படும். மெத்தனால் கலந்த நீர்மத்தைச் சாராயம் என எழுதும் செய்தித்தாளும், அவ்வாறு பேசும் அறிஞரும், அது மதுவின் ஒரு வகையே என்னும் மயக்கத்தை வளர்க்கின்றனர். அதனை மெத்தனால் நஞ்சு என்றே எழுதுதல் வேண்டும். மெதில் என்னும் பெயருக்கு மூலமான மெதிலீன் என்பதை 1834இல் துமாவும் பெலிகோவும் படைத்தபோது, மது, மரம் என்னும் பொருளுடைய கிரேக்கச் சொற்களை இணைத்தே படைத்தனர். மது அல்லாத அதனுள்ளும் மது என்னும் பெயர் மறைந்து நிற்கின்றது. பெயர் செய்யும் மயக்கம் அவ்வளவு பழையது. அதனைத் தெளிவித்தல் சொல்லாராய்ச்சி செய்வார் கடன். எம் மாணவர்க்கு அன்று வகுப்பில் உடனே கூற இயலாத விடையும் இதுவே.